விடுபட்ட ஒரு சொல்

1970 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த வெஸ்கான் மாநாட்டுக்கு வின்ஸ்டன் ராய்ஸ் கட்டுரை ஒன்றை எழுதிக் கொண்டுவந்தார். விண்கலப் பயணங்களுக்கான மென்பொருளில் பல ஆண்டுகள் உழன்றவர். டிஆர்டபிள்யூ நிறுவனத்தில் வேலை. கட்டுரையில் ஒரு படம். ஏழு பெட்டிகள் மாடிப்படி போல மேலிருந்து கீழே இறங்கும். என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவதில் தொடங்கி, அலசல், வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை என்று இறங்கினால் கடைசிப் படியில் மென்பொருள் வேலைக்கு வந்துவிடும்.

கணினி உலகம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டது. அதை ஒட்டி ராய்ஸ் எழுதியிருந்ததை விட்டுவிட்டது. இப்படியே செய்வது அபாயம், தோல்வியை வலிய அழைப்பது என்பதுதான் அவர் சொல்ல வந்ததே. வேகம் போதுமா, நினைவகம் போதுமா என்பதெல்லாம் சோதனைக் கட்டத்தில்தான் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும். அங்கே இடித்தால் வடிவமைப்பு வரைக்கும் திரும்ப ஏற வேண்டும். செலவும் காலமும் இரட்டிப்பாகலாம். ஆகவே புதுவகை மென்பொருள் என்றால் முதலில் சிறிய அளவில் ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள், வாடிக்கையாளரிடம் கொடுப்பது இரண்டாவதாகச் செய்ததாக இருக்கட்டும், அவரையும் இடையிடையே கூப்பிட்டு உட்காரவையுங்கள் என்று மீதிப் பக்கங்களில் மாற்று வழிகளை விளக்கியிருந்தார்.

படத்துக்கு அருவி என்று பெயர் வைத்தவரும் ராய்ஸ் அல்லர். 1976-இல் வேறு இருவர் எழுதிய கட்டுரையில்தான் 'வாட்டர்ஃபால்' தலைகாட்டுகிறது. 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட 2167 என்ற தரநிலையும் ஏறக்குறைய இதே படிக்கட்டை ராணுவ ஒப்பந்தக்காரர்களுக்குக் கட்டளையாக்கியது. ஒரு மனிதர் 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று வரைந்து காட்டிய படம் பதினைந்தே ஆண்டில் விதியாகிவிட்டது. அவருடைய மகன் வாக்கர் ராய்ஸ் பின்னாளில் ரேஷனல் நிறுவனத்தில் இருந்துகொண்டு, சுற்றுச்சுற்றாக மென்பொருளை வளர்க்கும் முறைக்காக வாதாடினார். அப்பா மீது ஏறிய பழியைத் துடைத்தார் என்றும் சொல்லலாம்.

மென்பொருள் வரலாற்றில் 'ரிஸ்க்' என்ற சொல்லின் தலையெழுத்தே இப்படித்தான். யாராவது அதைச் சரியான இடத்தில் சொல்வார். கேட்பவர்கள் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டு அதை மட்டும் விட்டுவிடுவார்கள். சியாட்டில் முதல் சென்னை ஓஎம்ஆர் வரை தினமும் காலையில் ஓதப்படும் 'அஜைல்' முறையின் கதையிலும் அது நடந்தது.

படிக்கட்டுக்கு மாற்று அன்றைக்கே புழக்கத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மனிதனை முதன்முதலில் விண்ணுக்கு அனுப்ப அமெரிக்கா மேற்கொண்ட மெர்க்குரி திட்டத்தில் அரை நாள் சுற்றுகளில் நிரல் எழுதிச் சோதித்தார்கள். 1970-களில் ஐபிஎம்மின் அரசுப் பணிப் பிரிவு, லாம்ப்ஸ் என்ற கடற்படைத் திட்டத்தை மாதத்துக்கு ஒன்றாக 45 சுற்றுகளில் முடித்தது. விண்வெளி ஓடத்தின் முதன்மைப் பறத்தல் மென்பொருள் 1977 முதல் 1980 வரை 31 மாதங்களில் 17 சுற்றுகளாக வளர்ந்தது. ஓடத்தின் வடிவமே மாறிக்கொண்டிருக்கும்போது மென்பொருளுக்கு மட்டும் முன்கூட்டியே எல்லாத் தேவைகளையும் எழுதிவைப்பது எப்படி? பானைச் சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து நசுக்கும் வீட்டுப் புத்திதான் இது. ஆனால் இதற்கு அப்போது கவர்ச்சியான பெயர் எதுவும் இல்லை. பெயர் இல்லாதது பரவுவதில்லை.

ரிஸ்க்கை நடுவீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்தவர் பாரி பேம். அவரும் டிஆர்டபிள்யூக்காரர்தான். 1986-இல் எழுதி, 1988-இல் விரித்து வெளியிட்ட கட்டுரையில் அவர் அருவிக்குப் பதிலாக ஒரு சுருளை வரைந்தார். மையத்திலிருந்து கிளம்பும் கோடு சுற்றிச் சுற்றி விரிகிறது; மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு பணம் செலவாகியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் கேள்வி, 'இந்தத் திட்டத்தைக் கவிழ்க்கக்கூடியது எது?' அதைத் தீர்க்கும் வேலைதான் அந்தச் சுற்றின் முதல் வேலை. பயனருக்கு முகப்பு பிடிக்குமா என்பது சந்தேகமென்றால் மாதிரி ஒன்று செய்து காட்ட வேண்டும். வேகம் சந்தேகமென்றால் வேகத்தை அளந்துவிட வேண்டும். சந்தேகமே இல்லாத இடத்தில் அருவி முறையிலேயே போகலாம், தடையில்லை. எந்த முறையில் செய்வது என்பதை ஆபத்தைப் பார்த்து முடிவு செய், முறையின் மீதுள்ள பக்தியால் முடிவு செய்யாதே என்பதுதான் அவர் கட்சி.

பேம் கையாண்ட கணக்கு எளியது. கெட்டது நடக்கும் வாய்ப்பை, நடந்தால் வரும் நஷ்டத்தால் பெருக்கு. வேறொரு நிறுவனத்திலிருந்து வரவேண்டிய பாகம் தாமதமாக நூற்றுக்கு முப்பது வாய்ப்பு, தாமதமானால் நாற்பது நாள் இழப்பு என்றால், இன்றைய தேதியில் அந்த ஆபத்தின் விலை 12 நாள். இரண்டு நாள் செலவழித்துத் தற்காலிக ஏற்பாடு ஒன்று செய்தால் வாய்ப்பு முப்பதிலிருந்து பத்தாகக் குறையும் என்றால், விலை 4 நாளாக இறங்கும். இரண்டு நாள் போட்டு எட்டு நாள் எடுக்கிறோம். இதே இரண்டு நாளை வேறு எங்காவது போட்டால் இதைவிட அதிகம் கிடைக்குமா என்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். காப்பீட்டுக்காரருக்கும் வட்டிக்கடைக்காரருக்கும் இது பாலபாடம். மென்பொருள்காரர்களுக்குப் புதிதாக இருந்தது.

1991-இல் பேம் பத்து ஆபத்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். முதலிடத்தில் கணினி இல்லை. தகுந்த ஆள் இல்லாமை இருந்தது. அடுத்தது நடவாத கெடுவும் பட்ஜெட்டும். பிறகு, கேட்காததைச் செய்துவிடுவது, பயனருக்கு ஒவ்வாத முகப்பு, யாரும் கேட்காத மெருகை ஏற்றிக்கொண்டே போவது, ஓயாமல் மாறும் தேவைகள் என்று நீளும். முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றைய அலுவலகம் எதிலும் ஒட்டிவைத்தால் யாரும் தேதியைக் கேட்க மாட்டார்கள்.

பட்டியல் பரவியது. பரவிய விதத்தில்தான் கோளாறு. பெரிய நிறுவனங்களில் அது 'ரிஸ்க் ரிஜிஸ்டர்' என்ற எக்செல் கோப்பாக உறைந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள். திட்டம் தொடங்கும்போது நிரப்புவார்கள், தணிக்கைக்காரர் வரும்போது திறப்பார்கள். அதில் 'முக்கிய நபர் விலகலாம்' என்ற வரி எப்போதும் இருக்கும். 'மேலதிகாரி சொன்ன தேதி நடக்காது' என்ற வரி ஒருபோதும் இருக்காது.

சொல்லப்படாத அந்த வரிக்கு டென்வர் நகரம் கொடுத்த விலையைப் பார்க்கலாம். கொலராடோவில் புதிதாகக் கட்டிய டென்வர் சர்வதேச விமான நிலையம் 1993 அக்டோபர் 31 அன்று திறப்பதாக இருந்தது. பெட்டிகளைக் கணினி ஆணைப்படி ஓடும் ஆயிரக்கணக்கான சிறு தள்ளுவண்டிகள் சுரங்க வழியே விமானத்துக்குக் கொண்டுசெல்லும் என்பது ஏற்பாடு. ஒப்பந்தம் பிஏஇ ஆட்டோமேட்டட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்துக்கு 1992-இல்தான் போனது. மியூனிக் விமான நிலையத்தில் இதைவிடச் சிறிய ஏற்பாட்டைச் சோதித்துச் சரிசெய்யவே மாதக்கணக்கில் ஆகியிருந்த செய்தி டென்வர்காரர்களுக்கும் தெரியும். 1994-இல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஓட்டிக்காட்டியபோது வண்டிகள் மோதிக்கொண்டன. பெட்டிகள் பிளந்து துணிமணிகள் சிதறின. தொலைக்காட்சிகளுக்கு அன்று நல்ல வேட்டை.

நிலையம் கடைசியாகத் திறந்தது 1995 பிப்ரவரி 28 அன்று. பதினாறு மாதத் தாமதம். ஓடுதளங்கள் தயார், கட்டடம் தயார், பெட்டி தூக்கும் மென்பொருள் மட்டும் தயாரில்லை. சும்மா கிடந்த நிலையத்துக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 11 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் சுமார் 5 கோடி டாலர் செலவில் பழைய பாணிக் கன்வேயர் பெல்ட்டும் டிராக்டர் வண்டியும் கொண்ட மாற்று ஏற்பாட்டைக் கட்டித்தான் திறக்க முடிந்தது. தானியங்கி ஏற்பாட்டை அரைகுறையாகப் பயன்படுத்திவந்த யுனைடெட் விமான நிறுவனமும் 2005-இல் அதைக் கைகழுவியது.

டாம் டிமார்கோ, டிமத்தி லிஸ்டர் என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட 'வால்ட்சிங் வித் பேர்ஸ்' என்ற நூலில் இந்தக் கதையைத் திருப்பிப்போட்டுக் கேட்டார்கள். மென்பொருள் தாமதமானது ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மென்பொருள் தாமதமாவது உலக வழக்கு. அது தாமதமானால் விமான நிலையத்தையே ஏன் திறக்க முடியாமல் போனது? ஆட்களும் டிராக்டர்களும் அதே சுரங்கத்தில் பெட்டி இழுக்கலாமே? முடியாது, சுரங்கத்தைத் தள்ளுவண்டியின் உயரத்துக்குத் தாழ்வாகக் கட்டியிருந்தார்கள். சுரங்கம் தோண்டும் முன்பே யாராவது ஒருவர் 'ஒருவேளை தாமதமானால்?' என்று கேட்டிருந்தால் கூரையைக் கொஞ்சம் உயர்த்தியிருப்பார்கள். கேட்டால் திட்டத்தில் நம்பிக்கை இல்லாதவர் என்று பெயர் வந்துவிடும் சூழல். ரிஸ்க் நிர்வாகத்தின் கஷ்டமெல்லாம் கணக்கில் இல்லை, வாய் திறப்பதில் இருக்கிறது என்பதை இந்த நூல் அளவுக்கு யாரும் புட்டுவைக்கவில்லை.

டென்வரில் தள்ளுவண்டிகள் மோதிக்கொண்ட அதே பத்தாண்டில், டெட்ராய்ட் பக்கத்தில் கிரைஸ்லர் கார் நிறுவனம் சம்பளப் பட்டுவாடாவுக்குப் புது மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. சி3 என்று பெயர். ஏறக்குறைய 87,000 ஊழியர்களின் சம்பளத்தை ஒரே ஏற்பாட்டில் கொண்டுவருவது இலக்கு. வேலை தடுமாறியபோது, 1996-இல் கென்ட் பெக் என்பவரை வேகத்தைச் சரிசெய்துதர அழைத்தார்கள். வந்து பார்த்தவருக்கு வேகம் பிரச்சினையாகவே படவில்லை. சரியான விடையே வராத நிரலை வேகமாக்கி என்ன பயன்? எழுதியதைக் கிடப்பில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். ரான் ஜெஃப்ரீஸ் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

அங்கே செய்த காரியங்கள் அன்றைக்கு விநோதமாகத் தோன்றின. ஒரே கணினி முன் இருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். நிரலுக்கு முன்பே அதற்கான சோதனையை எழுத வேண்டும். சம்பளக் கணக்கு தெரிந்தவர் ஒருவர் அறையிலேயே குழுவோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று ஓட வேண்டும். 1997 மே மாதம் மாதச் சம்பளக்காரர்கள் சுமார் 10,000 பேருக்கு இந்த மென்பொருள் சம்பளம் போட்டது.

1999-இல் பெக் இதையெல்லாம் தொகுத்து 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' பற்றிய நூலை வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயத்துக்கு அவர் இட்ட தலைப்பு ரிஸ்க் பற்றியது. மென்பொருள் உருவாக்கத்தின் அடிப்படைப் பிரச்சினையே அதுதான் என்று அங்கே அறிவித்துவிடுகிறார். கெடு தவறுவது, திட்டம் பாதியில் நிற்பது, பிழைகள் மலிவது, தொழிலைத் தவறாகப் புரிந்துகொள்வது, புரிந்துகொண்ட தொழிலே மாறிவிடுவது, ஆட்கள் விலகுவது என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் தன் முறையில் என்ன மருந்து என்று சொல்கிறார். இருவர் சேர்ந்து எழுதுவது ஒற்றுமைக்காகச் செய்யும் சடங்கு அன்று. ஒருவர் நாளைக்கே வேலையை விட்டுப் போனாலும் அந்த நிரலை அறிந்த இன்னொருவர் இருப்பார். சின்னச் சின்ன வெளியீடு எதற்கு? திட்டம் நின்றாலும் அதுவரை செய்தது பயன்படும். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்காருவது, தவறான ஒன்றை ஆறு மாதம் செம்மையாகச் செய்துமுடிக்கும் அவலத்தைத் தடுக்க. பேம் தனியே எழுதிவைத்த பட்டியலைப் பெக் அன்றாட வேலைக்குள் கரைத்துவிட்டார். உப்பைக் குழம்பில் கரைத்தது போல.

கரைத்ததில் ஒரு சங்கடமும் உண்டு. கரைந்தது கண்ணுக்குத் தெரியாது.

சி3-இன் முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறையிலேயே உட்கார்ந்திருந்த அந்த வாடிக்கையாளர் பிரதிநிதி களைத்துப்போய் விலகினார். பிறகு, என்ன வேண்டும் என்று சொல்பவர்களுக்கும் பணம் கொடுப்பவர்களுக்கும் நோக்கம் ஒத்துப்போகவில்லை. 1998-இல் கிரைஸ்லரை டைம்லர் பென்ஸ் இணைத்துக்கொண்டது. 2000 பிப்ரவரியில் சி3 நிறுத்தப்பட்டது. 87,000 பேர் என்ற இலக்கை அது எட்டவே இல்லை. 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' பிறந்த வீடே இழுத்துப் பூட்டப்பட்டது என்று எதிர்க்கட்சியினர் இன்றும் குத்திக்காட்டுவார்கள். நியாயமான குத்தல்தான். வாடிக்கையாளர் தரப்பின் அத்தனை அறிவும் ஒரே ஆள் தலையில் இருப்பது பேமின் பட்டியல்படி முதல்தர ஆபத்து. நிரலர்களுக்கு இரட்டை ஆள் போட்ட முறை, வாடிக்கையாளருக்கு ஒற்றை ஆளோடு நின்றுவிட்டது.

இதே காலத்தில் இன்னொரு கிளை ஜப்பானிலிருந்து வளர்ந்துவந்தது. ஹிரோடாகா டாகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரு பேராசிரியர்கள் 1986-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஹோண்டா, கேனன், ஃபியூஜி-ஜெராக்ஸ் நிறுவனங்களின் குழுக்களை ரக்பி அணிக்கு ஒப்பிட்டு எழுதினார்கள். அந்த ரக்பியிலிருந்து 'ஸ்க்ரம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார் ஜெஃப் சதர்லாந்து; வியட்நாம் போரில் அமெரிக்க விமானப்படை விமானியாக இருந்தவர். 1993-இல் ஈசல் என்ற நிறுவனத்தில் முதல் குழுவை அமைத்தார். 1995-இல் கென் ஷ்வாபரோடு சேர்ந்து முறையை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஸ்பிரின்ட் எனப்படும் ஒரு வேலைச் சுற்றை ஒரு மாதத்துக்கு மேல் நீட்டாதே என்பது இதன் உயிர்நாடி. எவ்வளவு தவறாகப் போனாலும் போவது ஒரு மாதச் செலவுதான். பந்தயத்தில் வைக்கும் பணத்துக்கு வரம்பு கட்டிவிட்டு ஆடுவது.

2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை, யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு பேர் கூடினார்கள். பெக், ஜெஃப்ரீஸ், சதர்லாந்து, ஷ்வாபர் எல்லோரும் இருந்தார்கள். மார்ட்டின் ஃபௌலர், அலிஸ்டர் காக்பர்ன், ராபர்ட் மார்ட்டின், ஜிம் ஹைஸ்மித் ஆகியோரும். சறுக்கி, சாப்பிட்டு, விவாதித்து 'அஜைல்' என்ற பெயரில் உடன்பட்டு, நான்கு விழுமியங்கள் கொண்ட அறிக்கையில் ஒப்பமிட்டார்கள். பின்னர் பன்னிரண்டு கொள்கைகளைச் சேர்த்தார்கள். மாற்றத்தை வரவேற்க வேண்டும், ஓடும் மென்பொருளே முன்னேற்றத்தின் அளவுகோல், தொழில்காரரும் நிரலரும் நாள்தோறும் சேர்ந்து வேலைசெய்ய வேண்டும். எல்லாம் உண்டு. அறிக்கையையும் கொள்கைகளையும் ஒரு தடவை கூட்டிப் படித்தால் இரண்டு நிமிடம் ஆகும். அதில் 'ரிஸ்க்' என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது.

வேண்டுமென்று விட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் எதிர்த்துக் கிளம்பியது கனமான ஆவணங்களையும், உயிரற்ற திட்ட அட்டவணைகளையும். அந்த உலகில் 'ரிஸ்க்' என்ற சொல் எக்செல் கட்டங்களின் வாடையோடுதான் வந்தது. மேலும், பதினேழு பேருக்கும் அது சொல்லத் தேவையில்லாத விஷயம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டிக்காட்டுவதன் காரணமே அதுதானே! ஆனால் பின்னால் வந்தவர்கள் காரணத்தை வாங்கவில்லை, காரியத்தை மட்டும் வாங்கினார்கள். ராய்ஸின் படத்துக்கு நேர்ந்ததே திரும்பவும்.

பரவிய வேகம் பெரிது. 2000-இல் டைடல் பார்க் திறந்த சென்னையிலும் சில ஆண்டுகளில் ஸ்டாண்ட்-அப் (நின்றபடி நடத்தும் தினசரிக் கூட்டம்), பேக்லாக் (செய்யவேண்டிய வேலைப் பட்டியல்), ரெட்ரோ (சுற்று முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) எல்லாம் அலுவலகத் தமிழாகிவிட்டன. 'நேற்று இது செய்தேன், இன்று அது செய்வேன், தடை ஒன்றுமில்லை' என்று நின்றபடி ஒப்பிப்பது பள்ளி வருகைப்பதிவு போல ஆனது. மூன்றாவது வாக்கியம்தான் அந்தக் கூட்டத்தின் உயிர். அதைத்தான் எல்லோரும் வேகமாகச் சொல்லி முடிப்பார்கள். போதாக்குறைக்கு ஒப்பந்தங்கள் பழைய பாணியிலேயே இருந்தன: மொத்தத் தொகை நிச்சயம், தேதி நிச்சயம், ஃபீச்சர் பட்டியல் நிச்சயம். உள்ளே மட்டும் இரண்டு வாரச் சுற்று. மாட்டு வண்டியில் கார் சக்கரத்தை மாட்டியது மாதிரி.

இந்த இடத்தில் பேம் மீண்டும் வருகிறார். ரிச்சர்ட் டர்னரோடு சேர்ந்து 2003-இல் அவர் எழுதிய நூலில், அஜைலா அருவியா என்ற பட்டிமன்றத்தில் இரு தரப்புக்கும் தீர்ப்புச் சொல்ல மறுத்தார். குழு எவ்வளவு பெரிது, பிழை நேர்ந்தால் போவது பணமா உயிரா, தேவைகள் எவ்வளவு வேகமாக மாறும், ஆட்களின் திறம் எப்படி, நிறுவனத்தின் பழக்கவழக்கம் என்ன என்று ஐந்து கேள்வி கேட்டு, எங்கே ஆபத்து மிகுதியோ அதற்கேற்ற அளவு ஒழுங்கைச் சேர்த்துக்கொள் என்றார். இதயமுடுக்கிக்கும் சினிமா டிக்கெட் செயலிக்கும் ஒரே மருந்து எழுதித்தராதே என்பதுதான் சாரம். சுருள் படத்தின் ஆசிரியர் பதினேழு ஆண்டுக்குப் பிறகும் அதே கட்சியில் இருந்தார்.

பிரிட்டன் அரசுக்கு இது பிந்தித்தான் உறைத்தது. ஆறு வகை உதவித்தொகைகளை ஒன்றாக்கும் 'யுனிவர்சல் கிரெடிட்' திட்டத்தை 2011-இல் அஜைல் என்று அறிவித்துத்தான் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்கள் வேறு தாளத்தில் இருந்தன. இரண்டையும் ஒட்டவைத்து ஒரு கலப்பு முறையை உண்டாக்கினார்கள். 2013 செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, பயன்படாது என்று கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட 3.4 கோடி பவுண்ட் மதிப்புள்ள கணினி வேலையைச் சுட்டிக்காட்டியது. அதைவிட முக்கியமாக, கோட்டைக்குள் அடைந்துகொண்ட மனநிலையையும், நல்ல செய்தி மட்டுமே மேலே போகும் பழக்கத்தையும் குறிப்பிட்டது. டென்வர் சுரங்கத்தின் தாழ்ந்த கூரை இங்கே வேறு உருவில். அடுத்த வடிவத்தை 2014 நவம்பரில் லண்டன் சட்டன் பகுதியில், சில அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் மட்டும் தொடங்கி, மெல்ல மெல்ல விரித்தார்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் கதையில் திருப்பம் வேறு மாதிரி. வழக்குக் கோப்புகளைக் கணினியில் ஏற்ற அது செய்த முதல் முயற்சி, 800 பக்கத்துக்கு மேல் தேவைகளை எழுதித் தொடங்கி, சுமார் 17 கோடி டாலரை விழுங்கி, 2005-இல் குப்பைக்குப் போனது. 2006-இல் 'சென்டினல்' என்ற பெயரில் இரண்டாம் முயற்சி, லாக்ஹீட் மார்ட்டின் கையில். 2010 ஆகஸ்டில் கணக்குப் பார்த்தால் 45.1 கோடி டாலரில் 40.5 கோடி கரைந்திருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தன. எஃப்பிஐ வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சிறிய குழு, கட்டடத்தின் அடித்தளத்தில் அறை, ஸ்க்ரம் முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட்.

இதை அஜைலின் வெற்றிக்கதையாகப் பாடுபவர்கள் வழக்கமாகத் தவிர்க்கும் ஒரு நாள் உண்டு. 2011 அக்டோபரில் எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒரே நேரத்தில் சென்டினலில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார்கள். இரண்டு தடவை படுத்துவிட்டது. பழைய வன்பொருள் தாங்கவில்லை. புதுக் கணினிகள் வாங்க வேண்டியிருந்தது. முதலில் சொன்ன 2011 செப்டம்பர் கெடு ஏற்கெனவே போய்விட்டது, இன்னும் பல மாதம் தள்ளியது. 2012 ஜூலை 1 அன்றுதான் ஊழியர்கள் அனைவர் கைக்கும் மென்பொருள் வந்தது. கெடு தவறியது உண்மை. ஆனால் அந்த ஒத்திகையை வெற்றியின் அடையாளமாகத்தான் பார்க்க வேண்டும். நாடு முழுக்க வேலைக்கு விட்ட நாளில் விழவேண்டியது, ஒத்திகையில் விழுந்தது. சோதனையில்தான் வேகமும் நினைவகமும் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும் என்று ராய்ஸ் எழுதிய அதே ஆபத்துதான். அதை முன்னால் இழுத்துக்கொண்டார்கள்.

விடுபட்ட சொல் பின்வாசல் வழியாகத் திரும்பவும் உள்ளே வந்தது. 2007-இல் உளவியலாளர் கேரி கிளைன் 'முன் பிரேதப் பரிசோதனை' என்ற விளையாட்டைப் பிரபலமாக்கினார். திட்டம் தொடங்கும் முன்பே, 'ஓராண்டு கழிந்துவிட்டது, திட்டம் செத்துவிட்டது, எப்படிச் செத்தது என்று ஆளுக்கொரு காரணம் எழுதுங்கள்' என்று கேட்பது. செத்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால் அபசகுனமாகப் பேசுகிறான் என்ற பழி வராது, கூச்சப்படுபவரும் எழுதுவார். மூடநம்பிக்கைக்கு அலுவலகங்களில் பஞ்சமில்லை என்பதைக் கிளைன் நன்றாக அறிந்திருக்கிறார். மீதமுள்ள வேலை குறைவதைக் காட்டும் பர்ன்-டவுன் வரைபடத்தைப் போலவே மீதமுள்ள ஆபத்து குறைவதைக் காட்டும் வரைபடமும் வந்தது. பேமின் பெருக்கல் கணக்கில் வரும் நாள்களைக் கூட்டி, ஸ்பிரின்ட்டுக்கு ஸ்பிரின்ட் கோடு இறங்குகிறதா என்று பார்ப்பது. பெரிய நிறுவனங்களுக்கான அஜைல் முறையாக 2011-இல் தோன்றிய சேஃபில், பல குழுக்கள் கூடித் திட்டமிடும் கூட்டத்தின் முடிவில் ஒவ்வொரு ஆபத்தையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, தீர்ந்ததா, யார் பொறுப்பு, ஏற்றுக்கொண்டு போகிறோமா, தணிக்க வழி உண்டா என்று நான்கில் ஒன்றில் போடச் சொல்கிறார்கள். ஸ்க்ரமின் அதிகாரபூர்வக் கையேடும் ஆபத்தைக் கட்டுக்குள் வைப்பதை முறையின் நோக்கங்களில் ஒன்றாகக் கூறுகிறது.

இதற்குள் ஆபத்து இடம் மாறிவிட்டது. ஆண்டுக்கு ஒரு வெளியீடு என்ற காலம் போய், நாளுக்குப் பல வெளியீடு என்ற காலம் வந்தது. 2009-இலேயே ஃபிளிக்கர் நிறுவனப் பொறியாளர்கள் இருவர் நாளொன்றுக்குப் பத்து முறைக்கு மேல் வெளியிடுகிறோம் என்று மேடையில் சொல்லி வியக்கவைத்தார்கள். தவறான ஒன்றை ஆறு மாதம் கட்டும் ஆபத்து குறைந்தது. தவறான ஒன்றை ஆறு வினாடியில் உலகம் முழுக்க அனுப்பும் ஆபத்து கூடியது. அதனால்தான் கவனமானவர்கள் புது வெளியீட்டை முதலில் நூற்றில் ஒருவருக்குக் கொடுத்து, சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, பிறகு பத்துப் பேருக்கு, பிறகு எல்லோருக்கும் என்று விரிக்கிறார்கள்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அந்த நிறுவனத்தின் முதன்மை மென்பொருளுக்குப் படிப்படியான வெளியீடு உண்டு. வாடிக்கையாளர் ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கவும் வசதி உண்டு. ஆனால் இந்தக் கோப்பு மென்பொருளாகக் கருதப்படாத தகவல் கோப்பு. அந்த வாசல் வழியாக வரவில்லை. நிரல் எதிர்பார்த்தது 20 உள்ளீடுகள், அமைப்பில் இருந்தவை 21. தவறைக் கண்டு 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. சென்னை உள்ளிட்ட இந்திய விமான நிலையங்களில் கவுன்டர் ஊழியர்கள் பேனாவை எடுத்துப் பயணிகளின் பெயர், விமான எண், இருக்கை எண் எல்லாவற்றையும் போர்டிங் பாஸில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வரிசை நீண்டது, சில விமானங்கள் ரத்தாயின, மற்றவை தாமதமாகக் கிளம்பின. சில வாரங்களில் கிரவுட்ஸ்டிரைக் வெளியிட்ட விளக்கத்தில், இனி இத்தகைய கோப்புகளும் முதலில் ஒரு சிறு தொகுதிக் கணினிகளுக்கு மட்டும் போகும், பிறகே மற்றவர்களுக்கு என்று எழுதியிருந்தது.